பசுவின் சாட்சி

காலையில் லேபைத் திறந்ததும் குளிர்பெட்டியிலிருந்து முதலில் வெளியே வருவது கட்டைவிரல் உயரக் கண்ணாடிக் குப்பி ஒன்று. அடியில் வெளிர்மஞ்சளாக ஒட்டிக் கிடப்பது உறைய வைத்து உலர்த்திய சீரம். டெக்னீஷியன் 5 மில்லி காய்ச்சி வடித்த நீரைப் பிப்பெட்டால் அளந்து விடுகிறார். குலுக்கக் கூடாது, நுரை கட்டிவிடும். மெல்லச் சுழற்றி, அரை மணி நேரம் அப்படியே வைக்கிறார். கரைந்து வருவது சற்றே கலங்கலாக இருக்கிறது. இதன் பெயர் ‘கன்ட்ரோல்’. இதில் எது எவ்வளவு இருக்கிறது என்பது முன்பே தெரியும். இயந்திரம் அந்த அளவைச் சரியாகச் சொல்லிவிட்டால், அன்றைக்கு வரும் நோயாளிகளின் இரத்தத்தைப் பற்றி அது சொல்வதையும் நம்பலாம் என்பது ஏற்பாடு.

ஒன்றைப் பார்த்துவிட்டு இன்னொன்றைப் பற்றி உறுதி கொள்ள மனிதனுக்கு என்ன உரிமை? இந்தக் கேள்வி லேபுக்கு முன்பே தருக்க நூல்களில் இருந்தது. காப்பிய நாயகி மணிமேகலை வஞ்சி நகரில் சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்கும்போது, அளவைவாதி அறிவு பிறக்கும் வழிகளை அடுக்குகிறான். அவற்றில் ஒன்று உவமை. அதற்கு அவன் காட்டுவது பசுவைப் போலிருக்கும் கவயம் என்ற காட்டு விலங்கை. பின்னர் காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் அவளுக்குத் தருக்கம் சொல்லித் தரும்போது, எடுத்துக்காட்டே பழுதாகிப்போகும் இடங்களையும் எச்சரிக்கையாக வகுத்துக் காட்டுகிறார். அதுதான் திட்டாந்தப் போலி. எடுத்துக்காட்டு போலத் தோன்றும், ஆனால் எதையும் நிறுவாது.

கன்ட்ரோல் குப்பியும் ஒரு திட்டாந்தம்தான். அது எப்போது போலியாகிறது என்பதை ஆல்புமின் பரிசோதனையில் கண்கூடாகப் பார்க்கலாம்.

ஆல்புமினை அளக்க இரண்டு சாயங்கள் பரவலாகப் புழங்குகின்றன: புரோமோகிரசால் கிரீன், புரோமோகிரசால் பர்ப்பிள். இவற்றில் பர்ப்பிள்தான் ஆல்புமினைக் குறிவைத்துப் பற்றும். கிரீன் வேறு சில புரதங்களோடும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். ஆனால் பர்ப்பிள் சாயம் பற்றுவது மனித ஆல்புமினைத்தான். மாட்டு ஆல்புமினை அவ்வளவாகப் பற்றாது. மாட்டுச் சீரத்திலிருந்து செய்த ஒரே கன்ட்ரோலை இரண்டு லேப்களுக்கு அனுப்பினால் என்ன ஆகும்? கிரீன் வைத்திருக்கும் லேப் தேறிவிடும். பர்ப்பிள் லேபின் அளவு கீழே விழும். நோயாளியின் இரத்தத்தைக் கூடுதல் துல்லியமாக அளக்கும் முறையே குற்றவாளிக் கூண்டில் ஏறி நிற்கும். அந்த லேப் பயந்துபோய், கன்ட்ரோலுக்கு ஏற்ப இயந்திரத்தைத் திருத்தினால் வினை அங்கேதான் தொடங்குகிறது. குப்பியின் அளவு சரியாகிவிடும். ஈரல் கெட்டவர், சிறுநீரகம் கெட்டவர் என்று வருகிற ஒவ்வொருவரின் ஆல்புமினும் பிழையாகும். பசுவைக் கேட்டு மனிதனுக்குத் தீர்ப்பு எழுதிய கதை அது.

மனித இரத்தத்தையே வைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றும். வைக்கலாம். ஆனால் அது நாள்பட நிற்காது. நிற்க வேண்டுமென்றால் உலர்த்த வேண்டும், கெடாமல் காக்கும் பொருள் சேர்க்க வேண்டும். நோயின் அளவுகளைக் காட்ட வெளியிலிருந்து நொதிகளும் வேதிப்பொருள்களும் கலக்க வேண்டும். கல்லீரல் இணைத்து மாற்றிய பிலிரூபினுக்குப் பதிலாக, செயற்கையாகத் தயாரித்த டைடாரோபிலிரூபினைச் சேர்ப்பதும் உண்டு. கெடாமல் காப்பாற்றச் செய்கிற காரியங்களே அதை இரத்தத்திலிருந்து விலக்கிக்கொண்டு போகின்றன. இந்த முரணிலிருந்து முழுமையாகத் தப்ப வழியில்லை.

அப்படியானால் ஒப்புமை எதில் இருக்கிறது? நிறத்தில் இல்லை, சேர்மானத்தில்கூட இல்லை. வேதியியலர் ‘கம்யூட்டபிலிட்டி’ என்று சொல்வது ஓர் உறவை. குறைந்தது 20 நோயாளிகளின் சீரத்தை இரண்டு முறைகளில் அளந்து வரைபடத்தில் புள்ளி வைத்தால், அவை ஒரு கோட்டை ஒட்டி விழும். கன்ட்ரோலையும் அதே இரண்டு முறைகளில் அளந்து வைக்க வேண்டும். நோயாளிகளின் புள்ளிக்கூட்டத்துக்குள் அது விழுந்தால் அவர்களுக்காகப் பேசலாம். விலகி நின்றால் முறைகளை ஒப்பிடும் வழக்கில் அதன் சாட்சி செல்லாது. இங்கே யார் யாரைச் சோதிக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். சாட்சி நோயாளிக்குத் தகுதியானதா என்று சொல்வது நோயாளியின் இரத்தமே.

செல்லாத சாட்சியை முற்றிலும் தள்ளிவிடவும் வேண்டியதில்லை. பரிசோதனைக்கான வேதிக் கரைசல், அதாவது ரீஏஜென்ட், மாறாத வரை, நேற்றுப் போலவே இன்றும் இயந்திரம் ஓடுகிறதா என்று அது நேர்மையாகச் சொல்லும். 1950இல் லீவியும் ஜென்னிங்ஸும் லேபுக்குக் கொண்டுவந்த வரைபடத்தில் நாள்தோறும் வைக்கும் புள்ளி அதற்குத்தான். நிலையாக இருப்பது வேறு, உண்மையாக இருப்பது வேறு. முன்னதற்குச் சாட்சி சொல்ல வந்ததைப் பின்னதற்கும் இழுப்பதில்தான் தவறு நேர்கிறது.

ஒப்புமை மனிதர் கையாலும் கெடும். லேபின் திறனைச் சோதிக்க வெளியிலிருந்து தேர்வுக்கு வந்த மாதிரி என்று தெரிந்ததும் மூத்தவரைக் கூப்பிட்டு, இரண்டு மூன்று தடவை ஓட்டி, நல்ல எண்ணை எழுதும் ஆசை எங்கும் உண்டு. அமெரிக்காவில் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் இதைத் தடுக்கின்றன. வெளித்தேர்வு மாதிரியை நோயாளியின் மாதிரியை ஓட்டுவது போலவே, அதே ஆட்கள், அத்தனை தடவையே ஓட்ட வேண்டும். வேறு லேபுக்கு அனுப்பிப் பார்க்கக் கூடாது. உயர்ந்த விருந்தாளியாக நடத்தப்பட்ட குப்பி, வரிசையில் காத்திருக்கும் கிழவியின் இரத்தத்தைப் பற்றி என்ன சொல்ல முடியும்?

ரீஏஜென்டின் புது லாட், அதாவது புதுத் தயாரிப்புத் தொகுதி, வரும் நாளில் ஒப்புமைச் சிக்கல் மறுபடியும் தலைதூக்கும். கன்ட்ரோல் திடீரென்று மேலே ஏறிவிடும். பழகிய டெக்னீஷியன் உடனே இயந்திரத்தைத் திருத்தப் போவதில்லை. பழைய லாட்டில் ஓட்டிய நோயாளிகளின் சீரம் கொஞ்சம் குளிர்பெட்டியில் மீந்திருக்கும்; தாழ்ந்தது, நடுவானது, உயர்ந்தது என்று பொறுக்கி எடுத்துப் புது லாட்டிலும் ஓட்டுகிறார். இரண்டு நெடுவரிசைகளும் ஒத்துப்போகின்றன. பதிவேட்டில் கன்ட்ரோலுக்குப் புது இலக்கு அளவைக் குறித்துக் கையெழுத்திட்டு, காத்திருக்கும் முதல் டியூபை எடுத்து வைக்கிறார்.