நடுவர் மாறினால் நீதி மாறுமா?

பாட்டுக்குத் தீர்ப்புச் சொல்வது எளிதன்று. நில வழக்குக்கு ஆவணம் உண்டு. களவு வழக்குக்குச் சான்றாளர் உண்டு. பாட்டு வழக்கிலோ, பாடி முடித்த கணத்திலேயே சான்றுப் பொருள் காற்றோடு கலந்துவிடுகிறது. கேட்டவர் நெஞ்சில் எஞ்சி நிற்பது ஒன்றே ஆவணம். அந்நெஞ்சுக்கு உரியவர் மாறிவிட்டால் அதே பாட்டுக்கு அதே தீர்ப்புக் கிடைக்குமா? இவ்வினா யாம் நூலகத்தில் அமர்ந்து எண்ணியதன்று. விடுமுறை நாளின் இரவில், குடும்பத்தாருடன் தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்தபோது எழுந்தது.

விஜய் தொலைக்காட்சியில் 2006-ஆம் ஆண்டு தொடங்கிய 'சூப்பர் சிங்கர்' போட்டி, பெரியவர்க்கும் சிறுவர்க்குமாகப் பல பருவங்கள் கண்டுவிட்டது. கப்பலேறினால் ஏறத்தாழ மூன்று நாள் கழித்தே சென்னைத் துறைமுகத்தைக் காணும் நம்மனோர்க்கு அது வெறும் பொழுதுபோக்கன்று. இந்தியே தெருவில் வழங்கும் இத்தீவுகளில், நம் பிள்ளைகள் தமிழை ஊன்றிக் கேட்கும் நேரம் அதுவே. "இந்த வரிக்கு என்ன அர்த்தம், அப்பா?" என்று மகன் கேட்பதும் அப்போதுதான். சென்னையிலிருந்து 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடி வடம் 2020 ஆகஸ்டு 10-ஆம் நாள் திறந்து வைக்கப்பெறும் வரை, எம் இல்லத்தில் பாட்டைக் கேட்க முடியும். இணைய வழியே வாக்களிக்க அமர்ந்தால், பக்கம் திறப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். எனவே மக்கள் தீர்ப்பில் நமக்குப் பங்கில்லை. நடுவர் தீர்ப்பையே நம்பியிருந்தோம். நடுவர் யார் என்பது எமக்கு அத்துணைப் பெரிய செய்தியாயிற்று.

தொடக்கப் பருவங்களில் உன்னிகிருஷ்ணன், ஸ்ரீநிவாஸ், சுஜாதா ஆகியோர் அவ்விருக்கைகளில் அமர்ந்தனர். சிறுவர் போட்டியில் சித்ரா, மனோ, மால்குடி சுபா ஆகிய மூவரும் நம் வீட்டு உறவினர் போலவே ஆகிவிட்டனர். பின்னர் 2018-இல் தொடங்கிய சிறுவர் பருவத்தில் எஸ்.பி. பாலசுப்பிரமணியமும் சங்கர் மகாதேவனும் வந்தனர். ஒவ்வொரு முறையும் புதிய முகம் தோன்றியவுடன் வீடு இரண்டுபடும். "பழையவங்க மாதிரி வருமா?" என்பார் எம் அன்னையார். "புதுசா யாராவது வந்தாத்தான் நல்லாயிருக்கும்" என்பாள் மகள். யாம் இருவர்க்கும் நடுவே அமர்ந்து, எவர் பக்கமும் சாயாமல் தேநீர் பருகுவோம். அரசு எழுத்தர்க்கு இது பழகிய கலை.

பழகிய கலை என்றதற்குக் காரணம் உண்டு. அலுவலகத்தில் பிரிவு அதிகாரி மாறும் நாளை எண்ணிப் பாருங்கள். நேற்றுவரை 'சுருக்கமாக உள்ளது' என்று பாராட்டப்பெற்ற குறிப்பு, இன்று 'போதிய விளக்கமில்லை' என்று திரும்பி வருகிறது. எழுதிய கை அதுவே, கோப்பும் அதுவே. யாம் கெட்டுவிட்டோமா, அன்றி அளவுகோல் மாறிற்றா? பாடகர்க்கும் இதுவே நேர்கிறது. கருநாடக இசையில் ஊறிய செவி சுருதியை முதலில் நாடும். மெல்லிசை மேடையில் வளர்ந்த செவி உணர்ச்சியை நாடும். நாட்டுப்புறத்துச் செவி குரலில் மண்ணைத் தேடும். 2018-இல் நாட்டுப்புறப் பாடகர் செந்தில் கணேஷ் பட்டம் வென்றபோது, முதற்பருவத்து மேடையில் இக்குரல் இறுதிவரை நின்றிருக்குமா என்று எம் இல்லத்தில் நெடுநேரம் வழக்காடினோம். முடிவு காணவில்லை. ஆனால் ஒன்று தெளிந்தோம். ஒரே செவி என்றும் அமர்ந்திருந்தால் சில குரல்கள் என்றுமே வாயிலைக் கடக்க மாட்டா. ஆதலின் புதிய நடுவர் வருகை தீங்கன்று, வேண்டப்படுவதே.

அவ்வாறாயின், புதியவர்க்குத் தீர்ப்புச் சொல்லும் தகுதியை அளிப்பது எது? வயதா, புகழா? கரிகாலன் கதையை நாம் சிறு வயதிலேயே கேட்டிருக்கிறோம். வழக்கோடு வந்த முதியோர் இருவர், 'இவ்விளைஞனா நம் வழக்கை அறிவான்?' என்று ஐயுற, அவன் நரைமுடி சூடி முதியவனாய் வந்து தீர்ப்பளித்தான் என்பது பழமொழி நானூறு காட்டும் செய்தி. நரை பொய், நீதி மெய். இன்று புதிய நடுவர் அமரும்போது ஒளியும் இசையும் முழங்க அவர் புகழ் பாடப்படுகிறதே, அதுவும் ஒருவகை நரைமுடிதான் என்று எமக்குத் தோன்றும்.

இதற்கு நேர் எதிரானது இறையனார் களவியல் உரை கூறும் வரலாறு. அந்நூலுக்குப் புலவர் பலரும் உரை கண்டனர். எது மெய்யுரை என்று துணிய ஒரு நடுவர் வேண்டியிருந்தது. அமர்த்தப்பட்டவனோ உருத்திரசன்மன் என்னும் ஐந்து வயதுச் சிறுவன், அதிலும் ஊமை! மருதன் இளநாகனார் உரைத்தபோது இடையிடையே அவன் கண்ணீர் வார்த்தான். நக்கீரனார் உரைத்தபோது சொல்தோறும் கண்ணீர் வார்த்து மெய்ம்மயிர் சிலிர்த்தான். தீர்ப்பு முடிந்தது. அவன் முருகனே என்றும் அவ்வுரை கூறும். அதனை நம்புவோர் நம்புக. எம்மைக் கவர்ந்தது வேறொன்று: அந்நடுவன் ஒரு சொல்லும் பேசவில்லை, கேட்டான். தொலைக்காட்சி நடுவர்கள் பேசும் நேரத்தில் இன்னும் நான்கு பிள்ளைகள் பாடிவிடலாம் என்று எம் அன்னையார் குறைபட்டுக்கொள்வது முற்றும் பிழையன்று.

அமெரிக்காவில் 2002-இல் தொடங்கிய 'அமெரிக்கன் ஐடல்' போட்டியில் 2005-இல் வென்ற கேரி அண்டர்வுட் என்னும் அம்மையார், இருபது ஆண்டுகள் கழித்து, 2025-இல் அதே போட்டியின் நடுவராக வந்தமர்ந்தார். மேடையில் முழங்கால் நடுங்குவது எப்படியிருக்கும் என்பது அவர்க்குத் தெரியும். அந்நினைவு தீர்ப்பை நேராக்குமா, அன்றி இரக்கத்தால் வளைக்குமா என்பதை எம்மால் துணிந்து கூற இயலவில்லை.

துணிந்து கூற இயலாமைக்கு எம் சொந்தப் பட்டறிவும் ஒரு காரணம். சில ஆண்டுகளுக்கு முன், ஸ்ரீ விஜயபுரத்தில் (2024-க்கு முன் போர்ட் பிளேர்) பொங்கலை ஒட்டி நடந்த சிறுவர் பாட்டுப் போட்டியில் யாமே புதிய நடுவராக அமர நேர்ந்தது. வழக்கமாக அமரும் இசையாசிரியர் ஊருக்குச் சென்றிருந்தார். எமக்கு இசை தெரியாது. தமிழ் தெரியும் என்ற செருக்கு மட்டும் இருந்தது. எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி குழையக் குழையப் பாடினாள். அவையோர் மெய்ம்மறந்தனர். ஆனால் அவள் நாவில் ழகரம் ளகரமாயிற்று, றகரம் ரகரமாயிற்று. யாம் மதிப்பெண்களைத் தயங்காமல் குறைத்தோம். அவளுக்கு மூன்றாம் இடமும் கிட்டவில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் அச்சிறுமியின் தாயார் வந்தார். குரலை உயர்த்தவில்லை. "சார், போன வருஷம் சுருதி சேரலைன்னு சொன்னாங்க. ஒரு வருஷமா அதைத்தான் சரி பண்ணினோம். ழகரத்தைப் பத்தி அப்பவே யாராவது சொல்லியிருந்தா அதையும் பண்ணியிருப்பாளே" என்றார். அவர் சென்ற பின்னும் அச்சொற்கள் செல்லவில்லை. திருக்குறளில் நடுவு நிலைமை என்னும் அதிகாரம் காட்டும் துலாக்கோலை மேடையில் பலமுறை எடுத்துப் பேசியிருக்கிறோம். அன்று யாம் எப்பக்கமும் சாயவில்லை என்பது உண்மை. எல்லாப் பிள்ளைகளையும் ஒரே கோலால்தான் நிறுத்தோம். ஆனால் அக்கோலை எவர்க்கும் முன்னதாகக் காட்டவில்லை. வேறு கோலுக்கென ஓராண்டு உழைத்து வந்தவளை அறியாக் கோலால் நிறுத்தது நடுவுநிலை ஆகுமா? தமிழ் பிழையாக ஒலித்தால் பொறுத்துக்கொள்வதா என்று யாம் எம்மையே எதிர்த்தும் வழக்காடிப் பார்த்தோம். பொறுக்க வேண்டியதில்லைதான். ஆனால் வீட்டிலே தமிழும், பள்ளியிலும் கடைத்தெருவிலும் இந்தியுமாக வளர்கின்ற பிள்ளைக்கு ழகரத்தைக் கற்பிக்க வேண்டியவர் நாம். கற்பிக்காததற்குத் தண்டம் செலுத்தியவள் அவள்.

இவ்வாண்டும் அமைப்பாளர்கள் எம்மை அழைத்தனர். சுருதிக்கு இவ்வளவு, தாளத்துக்கு இவ்வளவு, உச்சரிப்புக்கு இவ்வளவு என்று விண்ணப்பப் படிவத்திலேயே அச்சிட்டுத் தந்தால் அமர்கிறோம் என்றோம். "சார், இதென்ன டெண்டரா?" என்று சிரித்தார் ஒருவர். இன்னும் முடிவு சொல்லவில்லை.

சென்ற வாரம் மாலையில் கோயில் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தபோது அச்சிறுமி தோழியுடன் எதிரே இறங்கி வந்தாள். இப்போது நன்கு வளர்ந்துவிட்டாள். எம்மைக் கவனிக்கவில்லை. 'மழை, மழை' என்று நாவை மடக்கி மடக்கிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே சென்றாள். இம்முறை நடுவர் யாரென்பது அவளுக்கும் தெரியாது, எமக்கும் தெரியாது.