விருந்தினர் கடன்

மாந்தர்க்கு உழைப்பு எவ்வளவு இன்றியமையாததோ, ஓய்வும் அவ்வளவு இன்றியமையாதது. எந்நேரமும் நாணேற்றியே வைக்கப்பட்ட வில் வலுவிழக்கும் என்பர். ஆகவே, ஆண்டு முழுதும் அலுவலகத்திலும் அடுப்படியிலும் தேய்ந்த கணவனும் மனைவியும் இரண்டு நாள் பசுமை நாடிச் செல்வதில் குறை காண எவருக்கும் உரிமையில்லை. ஆயினும், அவ்வாறு செல்வோர் ஒரு வினாவைத் தம்முடன் எடுத்துச் செல்லுதல் நன்று. பிறர் உழைக்கும் மண்ணில் ஓய்வு கொள்ளும் நமக்கு, அம்மண்ணின்பால் கடன் ஏதும் உண்டா?

நம் ஜொகூர் மாநிலத்தின் நடுவே அமைந்த குளுவாங்கை எடுத்துக்கொள்வோம். ஜொகூர் பாருவிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். சுற்றிலும் செம்பனை, இடையிடையே எஞ்சி நிற்கும் பால்மரக் காடுகள், வருவோர்க்குக் கதவு திறந்து வைத்திருக்கும் ஆட்டுப் பண்ணைகள், காய்கறிப் பண்ணைகள், ஏறி இறங்க லம்பாக் மலை, 1938 முதல் பெயர்பெற்ற இரயில் நிலையக் காப்பிக் கடை. ஜொகூர் பாருவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் இணையர் பலர் வார இறுதியில் இங்கு வருகின்றனர். சுட்ட ரொட்டியும் காப்பியும் உண்டு, மரநிழலில் நின்று படம் பிடித்துக்கொண்டு, மன அமைதியோடு திரும்புகின்றனர்.

அந்த மரநிழலுக்கு ஒரு வரலாறு உண்டு. 1909இல் ஜொகூர் இருப்புப்பாதை நிறைவுற்றபின், இம்மாநிலத்தின் உட்பகுதியில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து கங்காணிமார் ஆள் திரட்டி வந்தனர். விடியுமுன் பெரட்டு, பின்னர் மரம் சீவுதல். குளிர்ந்த வைகறையிலேதான் பால் நன்கு வடியும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். எனவே மரத்தின் இயல்புக்கு ஏற்ப மனிதனின் உறக்கம் வெட்டப்பட்டது. கணவன் ஒரு நிரையிலும் மனைவி மறு நிரையிலும் சீவினர். அக்காலத் தோட்டத்துத் தம்பதியர் இருவராகப் புறப்பட்டுச் சென்ற இடம் பால்மரக் காடுதான்! கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுச் சென்றாள் தாய். கங்காணி முறை ஆள்சேர்ப்பும் 1938இல்தான் முடிவுக்கு வந்தது. காப்பிக் கடை தோன்றிய ஆண்டும் அதுவே என்பதை எண்ணிப் பார்க்குங்கால், ஓய்வின் வரலாறும் உழைப்பின் வரலாறும் எவ்வளவு அண்மையில் அமர்ந்துள்ளன என்பது விளங்கும்.

இது ஜொகூருக்கு மட்டும் உரிய செய்தியன்று. கரிபியன் கடலில் உள்ள மார்த்தினிக் தீவுக்கு 1853 முதலும், குவாதலூப் தீவுக்கு 1854 முதலும் தமிழர் பலர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டனர். அன்று அவர்கள் கரும்பு வெட்டிய அத்தீவுகளுக்கு இன்று உலகத்தார் ஓய்வு தேடிச் செல்கின்றனர். ஒருவர் வியர்வை சிந்திய இடம் மற்றொருவர்க்கு இன்பச் சோலையாதல் உலகெங்கும் நிகழ்வதே.

"அது பழங்கதை, இன்று நாம் காசு கொடுத்தே உண்கிறோம், காசு கொடுத்தே தங்குகிறோம், பிறகு என்ன கடன்?" என்று சிலர் கேட்கலாம். வினா நேர்மையானதே. ஆனால் அது பழங்கதை அன்று; ஆள்தான் மாறியிருக்கிறார். நீண்ட கழியின் முனையில் அரிவாளைப் பூட்டி, அண்ணாந்து நின்று, இருபது கிலோ எடையுள்ள செம்பனைக் குலையை வீழ்த்துபவர் இன்று பெரும்பாலும் இந்தோனேசியரோ வங்காளதேசத்தவரோ ஆவர். நம் பாட்டனார் வந்ததுபோலவே, மனைவி மக்களைப் பிரிந்து கடல் கடந்து வந்தவர்கள் அவர்கள். சிம்பாங் ரெங்கம் வட்டாரத்துக் கரி மண்ணில் விளையும் அன்னாசி, கனி தர ஓராண்டுக்கு மேலாகிறது. சாலையோரத்தில் ஒரு துண்டைச் சுவைக்க நமக்கு ஒரு நிமிடம் போதும். நாம் கொடுக்கும் காசு கனிக்கு விலையாகலாம். கனிக்குப் பின்னால் நிற்கும் மனிதரைக் காணாதிருப்பதற்கு அது விலையாகுமா?

"ஓய்வுக்குச் சென்ற இடத்திலும் துயரத்தைச் சுமக்க வேண்டுமா?" என்பது மற்றொரு தடை. சுமக்க வேண்டா. நம் முன்னோர் நாம் கண்ணீர் விட வேண்டுமென்று உழைக்கவில்லை; நாம் கையில் கத்தியின்றி அந்த மரநிழலில் நிற்க வேண்டுமென்றே உழைத்தனர். அவ்வகையில் பேரன் கொள்ளும் ஓய்வு பாட்டன் ஈட்டி வைத்த சொத்து. சொத்தை நுகர்வது பிழையன்று. ஈட்டியவரை மறந்து நுகர்வதே பிழை. அந்நினைவு ஓய்வைக் கெடுப்பதில்லை. அதற்கு ஒரு கண்ணியத்தைத் தருகிறது.

திருக்குறளில் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் உண்டு. உழவுக்கும் ஓர் அதிகாரம் உண்டு. விருந்தினர்க்கெனத் தனி அதிகாரம் இல்லை. அதனை நாமே நம் நடத்தையால் எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதில் அரிய அறங்கள் ஏதுமில்லை. பண்ணையில் உழைப்பவரைக் கண்டால் முகமன் கூறுதல். அவரது இசைவின்றி அவரைப் படம் பிடிக்காதிருத்தல். சிறு வியாபாரியிடம் ஐம்பது காசுக்குப் பேரம் பேசாதிருத்தல். அவர் பெருக்கிய இடத்தில் குப்பை போடாதிருத்தல். இவையே போதும். இல்லத்தரசியை மறவாதிருத்தலும் இதனுள் அடங்கும். சென்ற இடத்திலும் மூட்டை கட்டுவதும் அவிழ்ப்பதும் அவள் பணியே என்றால், இருவர் பயணத்தில் ஒருவருக்கே ஓய்வு கிட்டியது என்பதன்றோ பொருள்?

இன்று வகுப்பறையில் 'பெரட்டு' என்ற சொல்லைக் கேட்டால் மாணவர் விழிக்கின்றனர். பாடநூல் மட்டும் இக்குறையைத் தீர்க்காது. அடுத்த முறை குளுவாங் செல்லும் பெற்றோர், திரும்பி வந்து பிள்ளைகளிடம் படங்களைக் காட்டும்போது, "இந்த மரத்தின் அடியில்தான் உன் பூட்டியார் விடியுமுன் நின்றார்; இப்போது அங்கே நிற்பவரும் யாரோ ஒரு பிள்ளையின் தந்தைதான்" என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். விருந்தினர் கடன் அவ்வொரு வார்த்தையில் தீர்ந்துவிடாது. ஆனால் கடன் உண்டு என்பதையேனும் அடுத்த தலைமுறை அறிந்துகொள்ளும்.