கல்லூரி வாயிலில் நிற்கும் பெற்றோர்

பிள்ளைகளைக் கல்லூரி விடுதியில் சேர்த்துவிட்டு வீடு திரும்பும் பெற்றோருக்கு, அப்பிள்ளைகளின் வாழ்வில் இனி எவ்வளவு உரிமை உண்டு? கட்டணம் செலுத்துவோர் அவர்களே. ஆயினும் பிள்ளைகள் யாரோடு பழகுகிறார்கள், ஞாயிறு திருப்பலியில் பங்கெடுக்கிறார்களா என்பவை அவர்கள் கண்ணுக்கு எட்டுவதில்லை. அமெரிக்காவின் சிறு ‘லிபரல் ஆர்ட்ஸ்’ கல்லூரிகளில் இக்கேள்வி கூர்மையாக எழுகின்றது.

இவை குறிப்பிட்ட ஒரு தொழிலுக்கு ஆள் தயாரிக்க எழுந்தவை அல்ல. 1971-இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பெற்ற தாமஸ் அக்குவினாஸ் கல்லூரியை எடுத்துக்கொள்வோம். இக்கத்தோலிக்கக் கல்லூரியில் நான்காண்டும் அனைவருக்கும் ஒரே பாடத்திட்டம். மாணவர் சிறு குழுக்களாக மேசையைச் சுற்றி அமர்ந்து யூக்ளிட், அரிஸ்டாட்டில், அக்குவினார் ஆகியோரின் நூல்களையே படித்து, ஆசிரியரோடு உரையாடிக் கற்கின்றனர். ‘இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?’ என்பது பெற்றோரின் முதல் அச்சம். ‘கேள்வி கேட்கப் பழகிய பிள்ளை, நாம் தந்த விசுவாசத்தையும் கேள்விக்கு உள்ளாக்குமோ?’ என்பது அதனினும் ஆழமான அச்சம்.

‘லீபெர்’ என்னும் இலத்தீன் சொல், அடிமையல்லாத தன்னுரிமையாளனைக் குறிக்கும். அத்தகையோனுக்கு உரிய கலைகளே இக்கல்வியின் பெயருக்கு மூலம். தன்னுரிமையின் கலையைக் கற்கப் பிள்ளையை அனுப்பிவிட்டு, அத்தன்னுரிமையை மட்டும் மறுப்பது முறையாகுமா?

பெற்றோரின் இடத்தில் நின்று மாணவரை ஆளும் அதிகாரம் தமக்கு உண்டென அமெரிக்கக் கல்லூரிகள் நெடுநாள் கருதிவந்தன. 1960-இல் அலபாமாவில், வெள்ளையருக்கு மட்டுமேயான உணவகத்தில் அமர்ந்து சமவுரிமை கோரிய கறுப்பின மாணவர் சிலர், விசாரணையின்றிக் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டனர். அது தகாதென 1961-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனச்சான்றின் குரலை அடக்கவும் அந்தத் ‘தந்தை’ அதிகாரம் துணைபோயிற்று என்பதை நாம் மறத்தலாகாது. 1974-இல் இயற்றப்பட்ட சட்டமோ கல்விப் பதிவேட்டின் மீதான உரிமையைக் கல்லூரி மாணவருக்கே வழங்கியது. வரிக்கணக்கில் பெற்றோரைச் சார்ந்திருக்கும் மாணவரின் மதிப்பெண்ணைக் கல்லூரி பெற்றோருக்குக் காட்டலாம். காட்டியே தீரவேண்டும் என்பதில்லை.

இது பெற்றோருக்கு இழைக்கப்பட்ட அநீதியா? பெற்றோரே முதன்மையான ஆசிரியர் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கல்வி பற்றிய தன் அறிக்கையில் கூறியது. ஒழுக்க விழுமியங்களை நேரிய மனச்சான்றோடு எடைபோட்டுத் தாமே மனமுவந்து ஏற்க இளையோருக்கு உரிமை உண்டென்பதும் அதே அறிக்கையின் போதனை. தாமே ஏற்காத விசுவாசம் இரவல் ஆடை போன்றது.

புனித மோனிக்கம்மாள் இதைக் கண்ணீரில் கற்றார். கல்விக்காகக் கார்த்தேஜ் நகருக்கு அனுப்பப்பட்ட மகன் அகுஸ்தீன் அங்கே மானிக்கேயரின் கொள்கையில் சிக்கினார். அவரோடு வாதிட்டுத் திருத்துமாறு அன்னை ஓர் ஆயரை மன்றாடினார். ஆயர் இசையவில்லை. ‘இப்போது சொன்னாலும் கேளான், படிக்கப் படிக்கத் தன் பிழையைத் தானே உணர்வான், நீ அவனுக்காக இறைவனை வேண்டு’ என்ற பொருள்பட அறிவுரை கூறினார். படிப்பினால் வழிதவறியவரைப் படிப்பே மீட்கும் என்ற அந்த ஆயரின் துணிவு வியப்புக்குரியது. 387-ஆம் ஆண்டு பாஸ்கா இரவில் மிலான் நகரில் அகுஸ்தீன் திருமுழுக்குப் பெற்றார். ஆனால் எல்லா அன்னையரும் அத்தகைய இரவைக் காண்பதில்லை. கண்டாலன்றி நம்பமாட்டேன் என்பவர் பிள்ளையை இறைவனிடம் ஒப்படைத்தவர் ஆகமாட்டார்.

ஒப்படைத்தல் என்பது கைகழுவுதல் அன்று. பன்னிரண்டு வயது இயேசுவை மூன்று நாள் தேடிய மரியாளும் சூசையப்பரும், அவர் போதகர் நடுவே அமர்ந்து, கேட்டும் வினவியும் கொண்டிருக்கக் கண்டனர். தம் வேதனையை அன்னை மறைக்கவில்லை. மகன் கூறிய மறுமொழி இருவருக்கும் விளங்கவுமில்லை. எனினும் அன்னை அனைத்தையும் உள்ளத்தில் இருத்திக்கொண்டார்.

ஆகவே விடுமுறையில் வரும் பிள்ளையிடம் மதிப்பெண்ணோடு கேள்வியை நிறுத்திவிடாதீர்கள். ‘எந்த நூல் உன்னை உறங்கவிடவில்லை? எதை இப்போது நம்ப இயலவில்லை?’ என்றும் கேளுங்கள். விடை நெஞ்சைச் சுடலாம். அப்போதும் முகம் சுளிக்காமல் கேளுங்கள். வீட்டில் சொல்ல இயலாத ஐயத்தைப் பிள்ளை வேறெங்கே கொண்டுபோகும்?