யுத்தக் கதை சொல்லுதல்

யுத்த சரித்திரங்களைப் படிப்பதில் ஒருவனுக்கு உண்டாகும் ஆனந்தம் எத்தகையது, அந்த ஆனந்தத்தைப் பிறருக்கு எடுத்துச் சொல்லிப் பங்கிட்டுக்கொள்ள அவனுக்குப் பாத்தியதை உண்டா என்ற கேள்வி, சில காலமாக என்னை விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறது. நாவலில் வரும் கதாநாயகன் மாண்டால், அதை எத்தனை ரசனையோடு விவரித்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் கடற்போர் நூல் ஒன்றில் அச்சிட்ட ஒவ்வோர் எண்ணிக்கைக்குப் பின்னும் பெயரும் ஊரும் தாய்தந்தையரும் உள்ள மனிதர்கள் இருந்தார்கள் என்பது, படிக்கிற வேளையில் ஏனோ மனத்தில் தங்குவதில்லை.

எங்கள் ஊர் நூலகத்தின் மாடியில் ஞாயிறு மாலைகளில் நாங்கள் சிலர் கூடி, அவரவர் அப்போது படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தைப் பற்றிப் பேசுவது வழக்கம். என் முறை வந்தபோது, 1914ஆம் வருஷக் கடைசியில் தென் அமெரிக்காவின் இரு கரைகளிலும் நடந்த இரண்டு கடற்போர்களைப் பற்றி விஸ்தாரமாகவே பேசினேன்; எல்லோரும் உற்சாகமாகக் கேட்டார்கள். முடித்ததும், சரக்குக் கப்பல்களின் எஞ்சின் அறையில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், அதுவரை வாயே திறவாதவர், "ஏன் தம்பி, அன்னைக்குத் தண்ணி எவ்வளவு ஜில்லுன்னு இருந்திருக்கும்?" என்று கேட்டார். அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. கடலைத் தெரிந்தவர், கடலைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதைக் கேட்டார், அவ்வளவுதான். பேச்சு அடுத்தவருடைய புத்தகத்துக்கு நகர்ந்துவிட்டது. அந்தத் தண்ணீர் மட்டும் என்னை விட்டு நகரவில்லை.

நான் அன்று எதைச் சொன்னேன்? சூரியனைப் பற்றிச் சொன்னேன். நவம்பர் 1ஆம் தேதி மாலை, சிலி நாட்டில் கொரோனெல் என்னும் துறைமுகத்துக்கு அப்பால், அட்மிரல் ஸ்பீயின் ஜெர்மன் கப்பல்கள் கரைப்பக்கமாகவும், அட்மிரல் கிரடாக்கின் பிரிட்டிஷ் கப்பல்கள் திறந்த சமுத்திரத்தின் பக்கமாகவும் எதிரெதிரே நின்றன. மேற்கே சாயும் வெயில் ஜெர்மானியரின் கண்ணைக் கூசச் செய்தது. ஆகவே ஸ்பீ அவசரப்படவில்லை. சூரியன் மறையும் வரையில் இடைத்தூரத்தைக் குறையவிடாமல் காத்திருந்தார். மறைந்த மாத்திரத்தில் நிலைமை தலைகீழாயிற்று. செவ்வானத்தின்மீது பிரிட்டிஷ் கப்பல்கள் மையால் வரைந்தாற்போலத் துலங்கி நிற்க, ஜெர்மன் கப்பல்களோ கரையின் இருட்டில் கரைந்து போயின. சில மணி நேரம் செல்வதற்குள் குட் ஹோப், மன்மத் என்ற இரண்டு கப்பல்களும் ஏறத்தாழ 1,600 பேருடன் மூழ்கின, ஒருவரும் பிழைக்கவில்லை. ஜெர்மானியர் பக்கம் காயமுற்றவர்கள் 3 பேர்.

இரண்டு நாட்களுக்குப் பின் வால்பரைசோ நகரில் வெற்றி வீரராக வரவேற்கப்பட்ட ஸ்பீயிடம் ஒரு பெண்மணி மலர்க்கொத்தை நீட்ட, இது என் கல்லறைக்கு உதவும் என்ற பொருள்பட அவர் விடை கூறினாராம். அந்த வாக்கு டிசம்பர் 8ஆம் தேதி பலித்தது. அட்லாண்டிக்கின் தென்கோடியிலுள்ள பாக்லாந்துத் தீவுகளைத் தாக்கச் சென்ற அவர், அதற்கு முந்தின நாள்தான் இன்வின்ஸிபிள், இன்ப்ளெக்ஸிபிள் என்ற இரு பெரும் பிரிட்டிஷ் கப்பல்கள் அங்கே வந்து நிலக்கரி ஏற்றத் தொடங்கியிருக்கின்றன என்பதை அறியார். அன்றிரவுக்குள் அவருடைய கப்பல்களில் நான்கும், அவரும், வேறு வேறு கப்பல்களில் பணியாற்றிய அவருடைய இரு குமாரர்களும், 2,000 பேர் அளவில் மாலுமிகளும் கடலில் போனார்கள். இதையும் சொன்னேன். மலர்க்கொத்தைச் சொன்னபோது கூட்டத்தில் ஒருவர் 'ஆஹா' என்றதுகூட நினைவிருக்கிறது.

தண்ணீரைப் பற்றிய செய்தி அந்நூலில் இல்லாமல் இல்லை. கடைசி வரையில் போராடிய நைஸனௌ என்ற கப்பல் மூழ்கிய பிறகு, உறைநிலையை ஒட்டிய அந்த ஜலத்திலிருந்து பிரிட்டிஷ் படகுகள் சுமார் 190 பேரை வாரியெடுத்தன. அவர்களிலும் சிலர், காயம் பட்டோ குண்டு பட்டோ அல்ல, குளிர் தாங்காமலே பிராணனை விட்டார்கள். பீரங்கிகளின் வீச்சுத் தூரத்துக்கும் சூரியன் நின்ற கோணத்துக்கும் பக்கம் பக்கமாக இடம் கொடுத்த சரித்திராசிரியர், இதற்குக் கொடுத்தது சில வரிகள். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கோணத்தை விவரிக்கலாம், குளிரை எவ்வளவு நேரம் விவரிக்க முடியும்?

இங்கே எனக்கு என் தாத்தாவின் ஞாபகம் வருகிறது. ஸ்பீயின் அணியிலிருந்து ஆகஸ்டு மாதத்திலேயே தனியே பிரிந்து இந்து மகா சமுத்திரத்துக்கு வந்த கப்பல்தான் எம்டன். அது 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு சென்னைத் துறைமுகத்தின் எதிரே வந்து நின்று, பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளைச் சுட்டு எரித்தபோது, தாத்தா சிறு பையன். திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே அந்தக் கதையை அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். வானம் எந்த நிறத்தில் சிவந்தது, யார் யார் மூட்டை கட்டிக்கொண்டு ரயிலடிக்கு ஓடினார்கள், எந்த வீட்டில் அவசரத்தில் தொட்டில் குழந்தையை விட்டுவிட்டு நெல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி, பாதி வழியில் திரும்பினார்கள் என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து வரும்போது நாங்கள் சாப்பாட்டை மறந்து கேட்போம். எம்டனின் தலைவர் முல்லர் எவ்வளவு கண்ணியமானவர், பிடித்த கப்பல்களின் மாலுமிகளை எப்படி நல்லபடியாக இறக்கிவிட்டார் என்பதையும் மறவாமல் சொல்வார். தாத்தாவின் கதையில் ஒருவரும் இறக்கவில்லை. அன்றிரவு துறைமுகத்தில் நின்ற கப்பலில் சிலர் மாண்டார்கள் என்பதை, அவர் காலமாகிப் பல வருஷங்களுக்குப் பின் நான் ஒரு புத்தகத்தில்தான் படித்தேன். குழந்தைகளிடம் சொல்லவேண்டாம் என்று மறைத்தாரோ, அவருக்கே தெரியாதோ, தெரிந்திருந்தும் தீயின் வெளிச்சத்தில் அது அவர் கண்ணுக்குப் படவில்லையோ, இனிக் கேட்டறிய வழியில்லை.

கதை சொல்லுகிறவன் எங்கே நின்று பார்த்தான் என்பதைப் பொறுத்தே எல்லாம் இருக்கிறது என்று சில சமயம் தோன்றுகிறது. கடற்போரின் சரித்திரம் பெரும்பாலும் மிதந்து நின்ற கப்பலின் தளத்திலிருந்தே எழுதப்படுகிறது. நைஸனௌவில் தலைவருக்கு அடுத்த அதிகாரியான போக்ஹாமர் உயிர் தப்பியதால், அக்கப்பலின் கடைசி நேரத்தை அவர் எழுதிய நூலால் நாம் அறிகிறோம். ஸ்பீ ஏறியிருந்த ஷார்ன்ஹார்ஸ்ட் மூழ்கியபோதோ, நைஸனௌவோடு சண்டை இன்னும் ஓயாததால் அந்த ஜலத்தில் விழுந்தவர்களை எடுக்க யாரும் நிற்கவில்லை; அதிலிருந்து ஒருவரும் மீளவில்லை; ஆகவே அதன் உள்ளே நடந்தது எந்த நூலிலும் இல்லை. அன்று வென்ற இன்வின்ஸிபிளே, ஒன்றரை வருஷத்துக்குப் பின் ஜட்லாந்துப் போரில் இரண்டாகப் பிளந்து 1,026 பேரோடு முழுகிற்று. எஞ்சியவர்கள் 6 பேர். முதற்போரில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இரண்டாவதில் தண்ணீருக்குள் இருந்தார்கள்.

நம்முடைய மொழியில் யுத்தத்தைப் பாடவே தனியாக ஒரு பிரபந்த வகை இருக்கிறது. கலிங்கத்துப்பரணியைக் கல்லூரி நாட்களில் பரீக்ஷைக்காகப் படித்தேன். பாட்டுகள் பெரும்பாலும் மறந்துவிட்டன. ஆனால் அதன் அமைப்பு இப்போது வேறு விதமாக நினைவுக்கு வருகிறது. குலோத்துங்கனுடைய சேனை கலிங்கத்தில் அடைந்த வெற்றியைப் பாட வந்த ஜயங்கொண்டார், போர்ச் செய்தியைச் சொல்லும் வேலையைப் புலவனிடமோ தூதனிடமோ விடவில்லை. களத்திலிருந்து ஓடிவரும் ஒரு பேயிடம் ஒப்படைத்தார். அந்தப் பேய் காளிக்குச் சொல்ல, பசித்த பேய்க்கூட்டம் கேட்கிறது. பிறகு எல்லாம் களத்துக்குப் போய், மாண்டவர்களின் பற்களை அரிசியாக்கி, முரசை உரலாக்கி, யானைத் தந்தத்தை உலக்கையாக்கிக் கூழ் சமைத்து உண்டு, அரசனை வாழ்த்துகின்றன. அரசவையில் அரங்கேறும் பிரபந்தத்தில் வெற்றியையும் பிணத்தையும் பிரிக்காமல் ஒரே அடுப்பில் ஏற்றிய அந்தத் துணிவை எண்ணினால் இன்றும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. யுத்தக் கதையை ஆவலோடு சொல்பவனும் கேட்பவனும் யார் என்பது பற்றி அந்தக் கவிக்கு ஓர் அபிப்பிராயம் இருந்ததா, அல்லது அது பரணிக்குரிய மரபு மாத்திரம்தானா? புலவர்கள் இரண்டாவதையே சொல்வார்கள். எனக்கு முதலாவது வேண்டியிருக்கிறது.

அப்படியானால் இத்தகைய நூல்களைப் படிப்பதை விட்டுவிட வேண்டியதுதானே என்றால், அதற்கு நான் சம்மதியேன். கிரடாக் தம்முடைய அணி பலம் குறைந்தது என்பதைத் தெரிந்துகொண்டே, துணைக்கு இருந்த பழைய போர்க்கப்பலை மைல்கள் பலவற்றுக்குப் பின்னே விட்டுவிட்டு, ஏன் போருக்கு முனைந்தார் என்று யோசிக்கும்போது, கடமைக்கும் விவேகத்துக்கும் இடையே நின்று ஒரு மனிதன் அரைமணி நேரத்துக்குள் முடிவு செய்ய வேண்டியதன் பாரம் எனக்கு விளங்குகிறது. அது வேறு எந்தப் புத்தகத்திலும் எனக்கு அவ்வளவு தெளிவாகக் கிடைத்ததில்லை. மேலும், படிப்பவரும் சொல்பவரும் இல்லாமற்போனால் அந்த 1,600 பேருக்கு உள்ள இடமும் அற்றுப்போகும். தரையில் மாண்ட வீரனுக்கு நடுகல் நட்டுப் பெயரும் பொறித்தார்கள் நம் முன்னோர். கடலில் மாண்டவனுக்கு அவன் விழுந்த இடத்தில் கல் நட வழியில்லை.

இப்போது ட்ஸுஷிமாப் போரைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். பால்டிக் கடலிலிருந்து மாதக்கணக்கில் பாதி உலகத்தைச் சுற்றி வந்த ருஷ்யக் கப்பல்கள், 1905 மே 27, 28 தேதிகளில் ஜப்பானிய அட்மிரல் டோகோவிடம் அழிந்தன. எதிரியின் பீரங்கிகளுக்கு எதிரே தம் கப்பல்களை ஒவ்வொன்றாக ஒரே புள்ளியில் திருப்பிய டோகோவின் துணிவைச் சொல்ல ஆரம்பித்தால், கேட்பவர்கள் அசையமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். மாண்ட ருஷ்யர் 5,000 பேர் அளவில். ஜப்பானியர் 117 பேர். இந்த எண்களைப் பேச்சின் முதலில் சொன்னால் சடங்காகிவிடுகிறது. கடைசியில் சொன்னால் உபதேசமாகிவிடுகிறது. நடுவில் சொன்னாலோ, கப்பல்கள் திரும்புவதைக் கேட்கும் ஆவலில் யாரும் காதில் வாங்குவதில்லை. அவற்றை எந்த இடத்தில் வைப்பது என்று நான் பல விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை நெருங்குகிறது, இன்னும் பிடிபடவில்லை.