அண்ணன் என்னும் சாட்சி

ஒருவன் நாளை என்ன செய்வான் என்பதை இன்று நிரூபிக்க முடியுமா? தத்துவ வகுப்பில் எழ வேண்டிய இந்தக் கேள்வி, சென்னை அண்ணா சாலையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் ஜன்னல் முன்னால், சில நிமிஷங்களுக்குள், இருபத்திரண்டு வயதுப் பையனிடம் கேட்கப்படுகிறது. 1952ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவு, மாணவ விசா கேட்டு வருகிறவனையும் குடியேற வந்தவன் என்றே முதலில் அனுமானிக்கிறது. அப்படியல்ல என்று மெய்ப்பிப்பது அவன் பொறுப்பு. உடன்பிறந்தவர் அங்கே இருக்கிறாரா என்று படிவம் கேட்கிறது. இருக்கிறார் என்றால், அண்ணன் தம்பிக்கு எதிரான சாட்சியாகிவிடக்கூடும்.

இதே சட்டம்தான் அமெரிக்கக் குடிமகனின் உடன்பிறந்தோருக்குக் குடியேற்றத்தில் முன்னுரிமைப் பிரிவு ஒன்றையும் வைத்திருக்கிறது. அந்த வரிசை இந்தியர்களுக்குப் பல ஆண்டுகள் நீள்கிறது. ஒரே ரத்த உறவு ஒரு பிரிவில் உரிமை, இன்னொரு பிரிவில் சந்தேகம். கனடாவின் 2001ஆம் ஆண்டுச் சட்டம், நிரந்தரமாகத் தங்கும் ஆசை இருப்பதாலேயே தற்காலிக அனுமதியை மறுக்க வேண்டியதில்லை என்கிறது. காலம் முடிந்ததும் வெளியேறுவான் என்று அதிகாரி நம்பினால் போதும். ஒரு மனசில் இரண்டு எண்ணங்கள் இருக்கலாம் என்று ஒரு சட்டமாவது ஒப்புக்கொண்டிருக்கிறது.

மூங்கில்துறைப்பட்டை எடுத்துக்கொள்வோம். தென்பெண்ணைக் கரை, கூட்டுறவுச் சர்க்கரை ஆலை, சுற்றிலும் கரும்பு. இங்கே ஒரு வீட்டில் மூத்தவன் போய்விட்டான், இளையவன் புறப்படுகிறான் என்று வைத்துக்கொள்வோம். ஊரோடு பந்தம் உண்டு என்று காட்டப் பட்டாவும் சிட்டாவும் எடுத்துப்போகச் சொல்வார்கள். அதே நிலம் அவன் படிப்புக் கடனுக்கு வங்கியில் ஈடாக இருப்பதும் உண்டு. கட்டி வைக்கிற கயிறும் அக்கரை சேர்க்கிற ஓடமும் ஒரே நிலம்தான். அப்பா அம்மாவைப் பார்க்க வேறு ஆளில்லை என்றும் சொல்லச் சொல்வார்கள். மூத்தவன் செலவழித்த நம்பிக்கையை இளையவன் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது.

‘அண்ணனைப் பற்றி வாயைத் திறக்காதே’ என்பது இந்த இடத்தில் கிடைக்கும் புத்திமதி. வேண்டுமென்றே மறைத்தது தெரிந்தால் அமெரிக்கக் கதவு நிரந்தரமாக மூடிவிடக்கூடும் என்பது அதற்கு ஒரு பதில். அது பயத்தின் பதில். துரத்தி வரும் கொலைகாரனிடம்கூடப் பொய் சொல்லலாகாது என்று 1797இல் கான்ட் எழுதினார். அந்தக் கண்டிப்பு நமக்கு வேண்டாம். நியாயமற்ற அனுமானத்தின் முன் பொய்க்கு இடமுண்டு என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தப் பொய் எதை மறுக்கிறது? அண்ணனை மறைப்பவன் அந்த அனுமானத்தை எதிர்க்கவில்லை. உறவு குற்றம்தான் என்று ஒப்புக்கொண்டு தடயத்தை அழிக்கிறான்.

திரும்பி வருவேன் என்பது வேறு ரகம். மனசில் இல்லாமல் சொன்னால் அது பொய்தான். மனசில் இருந்து சொன்னாலும் இன்னும் உண்மையாகிவிடவில்லை; வாக்கு மட்டுமே. அண்ணன் இருப்பதோ நடந்த சங்கதி. நடந்ததை நடந்தபடி சொல்லி, நடக்காததை வாக்காக மட்டும் தருவதற்கு மேல் நேர்மையால் எதுவும் செய்ய இயலாது.

தூதரகத்துக்குத் தந்த வாக்கை அளக்கத் தேதி இருக்கிறது, முத்திரை இருக்கிறது. பெண்ணைக் கரையில் இருக்கும் வயதான இருவரிடம் ஜன்னலும் இல்லை, படிவமும் இல்லை. பிள்ளை போக வேண்டும் என்று அவர்களே விரும்புவதால், திரும்புவாயா என்று அவர்கள் கேட்பதும் இல்லை. கேட்கப்படாத அந்த இடத்தில் அவன் என்ன பதில் வைத்திருக்கிறான் என்பதுதான் தார்மிகப் பிரச்சினை. விசா அதற்குப் பிறகு வருவது.