பூட்டு யாருக்காக?

கத்தி என்றதும் நமக்கு இரண்டு படம்தான் மனசில் வரும். ஒன்று, அடுக்களையில் வெங்காயம் நறுக்குவது. இன்னொன்று, சினிமாவில் வில்லன் பட்டனை அழுத்தியதும் 'சரக்'கென்று வெளியே வருவது. இரண்டுக்கும் நடுவில் சாதுவான ஒரு வகை உண்டு. பேனாக்கத்தி. இறகுப் பேனாவின் முனையைச் சீவ வைத்துக்கொண்டதால் வந்த பெயர். இறகுப் பேனா போய் இரண்டு நூற்றாண்டு ஆகப்போகிறது, பெயர் மட்டும் மிச்சம்.

அமெரிக்காவின் சின்ன ஊர்களில் பாக்கெட் கத்தி என்பது கைக்குட்டை, சாவிக்கொத்து மாதிரி ஒரு சாமான். பார்சல் கயிறு அறுக்க, ஆப்பிள் தோல் சீவ, தூண்டில் நரம்பைக் கத்தரிக்க. பேரனுக்குப் பத்து, பன்னிரண்டு வயதாகும்போது தாத்தா ஒன்று வாங்கித் தருவது அங்கே பழைய வழக்கம். 'இனி உன்னை நம்பலாம்' என்பதற்கு அது ஒரு சர்டிபிகேட்.

அந்த நாட்டில் வேலை பார்க்கிற என் அண்ணன் மகன் ஒருநாள் போனில் கேட்டான். "சித்தப்பா, எலும்புப் பிடி போட்ட பழைய மாடல் கத்தி ஒண்ணு வாங்கப்போறேன். ஒரே அலகு. லாக் உள்ளதா, இல்லாததா, எதை வாங்கறது? ஆறு மாசத்துல லண்டன் ஆபீஸுக்கு மாத்தறாங்க. அங்கயும் எடுத்துட்டுப் போகணும்."

பார்த்தால் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி. யோசிக்க யோசிக்க அது தத்துவ வாத்தியாரிடம் கேட்க வேண்டிய கேள்வியாக மாறிவிட்டது.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். பென்சில்வேனியா மாநிலத்தில் பிராட்ஃபோர்ட் என்ற ஊரில் டபிள்யூ.ஆர். கேஸ் அண்ட் சன்ஸ் என்ற கம்பெனி இருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேலாகக் கத்தி செய்கிறவர்கள். அவர்களுடைய கத்திகளுக்கு ஒரு நம்பர் உண்டு. உதாரணத்துக்கு 61549 எல். முதல் 6 என்றால் எலும்புப் பிடி. அடுத்த 1 என்றால் ஒரே ஒரு அலகு. அதற்குப் பிறகு வருவது மாடல் எண். கடைசி 'எல்' என்றால் லாக். ஜாதகக் கட்டம் மாதிரி எல்லாம் அதிலேயே இருக்கிறது.

பிடியில் உள்ள எலும்பு, மாட்டின் கால் எலும்பு. அதன்மேல் மேடும் பள்ளமுமாகக் கொத்தி, சாயம் ஏற்றுவார்கள். ஏன் கொத்த வேண்டும்? பழைய காலத்து உசத்தியான பிடி, மான் கொம்பு. அதற்கு இந்தியாவின் கடமான் கொம்புக்கு நல்ல கிராக்கி இருந்தது. பிறகு இந்தியா கொம்பு ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. மான் கொம்பின் சொரசொரப்பை மாட்டு எலும்பில் கொண்டுவரப் பார்த்ததுதான் அந்தக் கொத்துவேலை. ஆனால் நகல் எடுக்கப் போன இடத்தில் அதற்கென்றே ஒரு அழகு வந்துவிட்டது. இன்றைக்கு அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் யாரும் மானை நினைப்பதில்லை.

இந்த எலும்பு பிரேசில் நாட்டுத் திமில் மாடுகளிலிருந்து வருகிறது. பிரேசிலின் மந்தைகளில் முக்கியமான இனத்துக்குப் பெயர் 'நெலோர்'. ஆமாம், நம்ம நெல்லூர்தான். அந்த ஊர் சென்னை ராஜதானியில் இருந்த 19-ஆம் நூற்றாண்டில் கப்பலேறிப் போன ஓங்கோல் மாடுகளின் வம்சம். பென்சில்வேனியா தாத்தாவின் பாக்கெட்டில் நெல்லூர் மாட்டின் பேரப்பிள்ளை உட்கார்ந்திருக்கலாம்.

"எலும்பா? வேண்டாம்ப்பா, பாவம்" என்று சிலர் நினைப்பீர்கள். பிளாஸ்டிக் பிடியிலும் கிடைக்கிறது. இறைச்சிக்காக அறுத்த மாட்டின் மிச்சத்தை வீணாக்காமல் பயன்படுத்துவது பாவமா, அல்லது நூறு வருஷமானாலும் மக்காத பிளாஸ்டிக்கை வாங்குவது பாவமா? இரண்டு பக்கமும் வாதாடலாம். என் கவனம் இன்று வேறு இடத்தில். அந்தக் கடைசி 'எல்' எழுத்தில்.

லாக் இல்லாத பழைய கத்தியில், பிடியின் முதுகில் உள்ள ஒரு ஸ்பிரிங் அலகின் அடியை அழுத்திக்கொண்டிருக்கும். அவ்வளவுதான் பிடிமானம். கொஞ்சம் பலமாகத் தள்ளினால் மடங்கிவிடும். கடினமான கட்டையில் முனையைக் குத்தித் திருகினீர்கள் என்றால் அலகு திரும்பி வந்து உங்கள் விரலைப் பதம் பார்க்கும். லாக்பேக் என்கிற வகையில், முதுகில் இருக்கும் பட்டை நடுவில் ஒரு ஆணியில் சீசா பலகை மாதிரி ஆடும். அலகை விரித்ததும் பட்டையின் நுனியில் உள்ள கொக்கி, அலகின் அடியில் உள்ள பள்ளத்தில் 'டக்'கென்று விழும். பிறகு என்ன செய்தாலும் மடங்காது. மடக்க வேண்டும் என்றால் முதுகில் அழுத்திக் கொக்கியை விடுவிக்க வேண்டும். 1964-ல் பக் என்ற அமெரிக்கக் கம்பெனி வெளியிட்ட 110 என்ற கத்தி, இந்த லாக்கை வேட்டைக்காரர், விவசாயி எல்லோரிடமும் கொண்டு சேர்த்தது.

ஆக, லாக் எதற்கு? வைத்திருப்பவனின் விரலைக் காப்பாற்ற. பாதுகாப்புச் சாதனம். ஹெல்மெட் மாதிரி நல்ல விஷயம்.

இப்போது லண்டனுக்கு வாருங்கள்.

இங்கிலாந்தில் 1988-ல் ஒரு குற்றவியல் சட்டம் வந்தது. தக்க காரணமில்லாமல் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பது குற்றம். ஆனால் மடக்கும் பாக்கெட் கத்திக்கு விலக்கு உண்டு, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மிகாமல் இருந்தால். நல்லது. லாக் உள்ள கத்தியும் மடக்கும் கத்திதானே? இல்லை என்று 1990-களில் நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. மடக்கும் கத்தி என்றால் எந்த நேரமும் சும்மா மடக்கினாலே மடங்க வேண்டும். எதையாவது அழுத்தி விடுவித்தால்தான் மடங்கும் என்றால் அது அந்த விலக்கில் வராது. சமையலறைக் கத்தியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைவதற்குச் சமம். தண்டனை நாலு வருஷம் வரை போகலாம். 'தொழிலுக்குத் தேவை' என்று காட்டினால் தப்பலாம். மத நம்பிக்கையும் தேசிய உடையும்கூடத் தக்க காரணங்கள். சீக்கியரின் கிர்பானுக்கும், ஸ்காட்லாந்துக்காரர் காலுறையில் செருகும் சின்னக் கத்திக்கும் அங்கே இடம் இருக்கிறது. 'தாத்தா கொடுத்தது' என்பதற்கு இடம் இல்லை.

அமெரிக்காவிலேயே இதே கதை ஒருமுறை நடந்தது. 2001 செப்டம்பருக்குப் பிறகு விமானத்துக்குள் கத்திக்கு அனுமதி கிடையாது. 2013 மார்ச்சில் விமானப் பாதுகாப்பு இலாகா, 6 சென்டிமீட்டருக்கு மிகாத சின்னக் கத்திகளை விடலாம் என்று அறிவித்தது. நிபந்தனை? லாக் இருக்கக் கூடாது. விமானப் பணிப்பெண்கள் கொதித்தெழ, ஜூன் மாதம் அந்த யோசனையையே கைவிட்டார்கள்.

வேடிக்கையைக் கவனியுங்கள். விரலைக் காக்க வைத்த பூட்டே, கத்தியை ஆயுதமாக்கிவிட்டது. பத்திரமான கத்தி ஆபத்தான கத்தி. ஆபத்தான கத்தி பத்திரமான கத்தி.

சட்டம் முட்டாள்தனமானது என்று சிரித்துவிட்டுப் போகலாம். அங்கேயே கத்திக்குத்து வழக்குகளில் அதிகம் அகப்படுவது சமையலறைக் கத்திதான். எலும்புப் பிடி போட்ட தாத்தா கத்தி எங்கேயோ கடைசி வரிசையில் நிற்கும். ஆனால் சிரிப்பதற்கு முன் ஒரு நிமிஷம். லாக் இல்லாத கத்தியால் ஒருவனைக் குத்தப் போனால் அது குத்துகிறவன் விரலையே அறுக்கும். லாக் போட்டால் அந்தப் பயம் இல்லை. கட்டையைத் துளைக்கும்போது என்னைக் காப்பாற்றுகிற அதே கொக்கி, மனிதனைக் குத்தும்போதும் குத்துகிறவனைக் காப்பாற்றும். கொக்கிக்கு வித்தியாசம் தெரியாது.

பிளாட்டோவின் 'குடியரசு' நூலின் ஆரம்பத்தில் சாக்ரட்டீஸ் ஒரு கேள்வி கேட்பார். புத்தி தெளிவாக இருந்தபோது ஒரு நண்பன் உங்களிடம் ஆயுதத்தைக் கொடுத்துவைத்தான். இப்போது பைத்தியம் பிடித்த நிலையில் வந்து திருப்பிக் கேட்கிறான். கொடுப்பது நியாயமா? பொருள் அவனுடையது. வாங்கியதைத் திருப்பித் தருவதும் தர்மம்தான். ஆனாலும் கொடுக்கக் கூடாது. ஆயுதம் மாறவில்லை, சொந்தக்காரனும் மாறவில்லை, அவன் மனசு மாறிவிட்டது.

அந்த நண்பனை நமக்குத் தெரியும். ரயிலில் எதிர் சீட்டில் இருப்பவனைத் தெரியாது. அவன் பாக்கெட்டில் இருக்கும் கத்தி ஆரஞ்சு உரிக்கவா, ஆளை உரிக்கவா? மனசுக்கு எக்ஸ்ரே கிடையாது. போலீஸ்காரர் பார்க்கக்கூடியது கத்தி ஒன்றைத்தான். அதில் லாக் இருக்கிறதா, நீளம் எத்தனை என்று அளந்து, அதை வைத்து மனசை ஊகிக்கிறார். தவறாக ஊகிக்கலாம். ஆனால் வேறு வழி என்ன என்று கேட்டால் நம்மிடம் பதில் இல்லை.

'பாதுகாப்பு' என்று சொல்லும்போதெல்லாம் 'யாருக்கு?' என்று ஒரு வார்த்தை சேர்த்துக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான். ராத்திரி ஹைவேயில் எதிரே வருகிறவர் ஹை பீம் போட்டுக்கொண்டு வருவார். அவருக்கு ரோடு பளிச்சென்று தெரியும். உங்களுக்குக் கண் இருட்டிவிடும். கேட்டால், "பாதுகாப்புக்குத்தான் சார்" என்பார். பொய்யில்லை. அவருடைய பாதுகாப்பு. அதற்கான விலையை நீங்கள் கொடுக்கிறீர்கள்.

அதற்காக ஹை பீம் வைத்த கார் செய்தவன் அயோக்கியன் இல்லை. ஆளில்லாத காட்டுப் பாதையில் அதைப் போடாமல் ஓட்டுவதுதான் முட்டாள்தனம். எதிரே ஒரு ஜோடி விளக்கு தெரிந்ததும் தணிப்பதுதான் விஷயம். தணித்தால் நமக்குக் கொஞ்சம் குறைவாகத் தெரியும், இன்னும் கவனமாக ஓட்ட வேண்டிவரும். அந்தக் கூடுதல் கவனம்தான் எதிரே வருகிற முகம் தெரியாத ஆளுக்கு நாம் தரும் மரியாதை.

"நான் நல்லவன், என் கையில் எது இருந்தால் என்ன?" என்ற வாதம் இங்கேதான் நொண்டுகிறது. நான் நல்லவன் என்பது எனக்குத் தெரியும். அடுத்தவனுக்குத் தெரியாது. அவனுடைய பயம் என் தப்பு இல்லை. ஆனால் அதைக் குறைப்பது என் கையில் இருக்கிறது. சட்டம் சொல்வதற்கு முன்னாலேயே.

அண்ணன் மகனுக்கு இதைத்தான் சொன்னேன். "காட்டுக்குப் போறியா, கட்டை சீவறியா, லாக் உள்ளதையே வாங்கு. விரல் பத்து பத்திரமா இருக்கணும். ஆனா லண்டன் தெருவுல அது வேண்டாம். அங்க பாக்கெட்டுல ஏதாவது வெச்சே ஆகணும்னா, லாக் இல்லாத சின்னதா ஒண்ணு போதும்."

"அது டக்குனு மடங்கிடுமே சித்தப்பா?"

"மடங்கும். அதனால பார்த்துப் பிடிப்பே."

லாக் இல்லாத கத்தி ஒவ்வொரு முறையும் கவனத்தைக் கேட்கிறது. லாக் உள்ளது 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்கிறது. விரல் விஷயத்தில் அதை நம்பலாம். ஆனால் எந்தக் கொக்கியும் எதிரே நிற்பவரைக் காப்பாற்றுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. அந்த வேலையைக் கத்தி செய்பவன் எந்தக் காலத்திலும் நமக்காகச் செய்து தர மாட்டான்.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஒரு நம்பிக்கை உண்டு. கத்தியைச் சும்மா பரிசாகக் கொடுத்தால் நட்பு அறுந்துவிடுமாம். அதனால் வாங்கிக்கொள்கிறவர் ஒரு பென்னி, ஒரு சென்ட் என்று சில்லறைக் காசு ஒன்றைத் திருப்பிக் கொடுப்பார். பரிசு விற்பனையாகிவிடும், தோஷம் போச்சு. மூடநம்பிக்கைதான். ஆனால் அந்தக் காசுக்கு இன்னொரு அர்த்தமும் எனக்குத் தோன்றுகிறது. 'இது கூர்மையானது என்று தெரிந்தே வாங்கிக்கொள்கிறேன். இனி இதனால் நேர்வது என் கணக்கு.'

கார் சாவி, செல்போன், பதவி, பேனா என்று கூர்மையான எதை ஒருவர் கையில் கொடுத்தாலும், அந்த ஒரு காசைக் கேட்டு வாங்கிவிடுவது நல்லது.