பிரிவின் பெயரும் ஊரின் பெயரும்

சமயப் பிரிவு என்பது ஒருவர் ஆய்ந்து தேர்ந்துகொள்வதா, அன்றித் தந்தை விட்டுச்செல்லும் நிலபுலம்போல் வந்து சேர்வதா? இவ்வினாவுக்கு விடையை நூலகத்தில் தேடுவதினும் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் தேடுவது பயன் தரும்.

ரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணிமார் அழைத்துவந்த தமிழருள் கிறித்துவர் சிறுபான்மையினர். அவருள்ளும் கத்தோலிக்கர், லுத்தரன், ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு எனப் பிரிவுகள் பல. 1530இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் படிக்கப்பெற்ற விசுவாச அறிக்கை, 1534இல் ஆங்கில மன்னர் எட்டாம் ஹென்றி போப்பாண்டவரின் தலைமையை மறுத்த செயல், பதினெட்டாம் நூற்றாண்டில் ஜான் வெஸ்லி எழுப்பிய சமய எழுச்சி ஆகியவை ஐரோப்பியர் தம்முள் கண்ட வேற்றுமைகள். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பின் பால்மரம் வெட்டச் சென்ற தொழிலாளிக்கு அவ்வழக்கில் என்ன பங்கு?

பங்கில்லை என உடனே தீர்ப்புக் கூறிவிடலாம். ஆயின் அஃது அவசரத் தீர்ப்பு. 'லுத்தரன்' என்னும் சொல் அவன் செவியில் ஆக்ஸ்பர்க்கை நினைவூட்டவில்லை. 1706இல் சீகன்பால்கு வந்திறங்கி, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றி முடித்த தரங்கம்பாடியை நினைவூட்டியது. 'ஆங்கிலிக்கன்' என்றால் திருநெல்வேலிச் சீமை. கால்டுவெல் வாழ்ந்த இடையன்குடி. கத்தோலிக்கருக்கோ புதுச்சேரியிலும் மலாயாவிலும் பணியாற்றியவர்கள் ஒரே பாரிசு மறைபரப்புச் சங்கத்துக் குருமாரே. இவ்வாறு, ஐரோப்பியப் பூசலின் பெயர் தமிழனுக்கு ஊரின் பெயராயிற்று. நிலமும் சுற்றமும் கடலுக்கு அப்பால் நின்றுவிட, லயத்து வீட்டில் அவனிடம் எஞ்சிய முகவரி அதுவே எனலாம்.

எனினும் ஊர் நினைவு முழுவதும் போற்றத்தக்கதன்று. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கத்தோலிக்க ஆலயம் சாதிக்கொரு பகுதியாகவே கட்டப்பெற்றது. இடைச்சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. மரபைக் காப்போம் என்போர் இத்தகைய சுவர்களும் அம்மரபில் அடங்கியிருந்ததை மறைப்பது நேர்மையாகாது.

வேறொரு முரணும் உண்டு. 1947 செப்டம்பர் 27இல் ஆங்கிலிக்கரும் மெதடிஸ்டுகளும் பிற சிலரும் ஒன்றுகூடித் தென்னிந்தியத் திருச்சபை அமைத்தனர்; தரங்கம்பாடி மரபினரான லுத்தரன்மார் அதிற் சேரவில்லை. மலேசியாவிலோ லுத்தரன் திருச்சபை 1963இல் அமைந்தது. மெதடிஸ்டுத் திருச்சபை 1968இல் தன்னாட்சி பெற்றது. ஆங்கிலிக்கர் தனியே நின்றனர். தாயகத்தில் பெரும்பாலும் அழிந்த வரப்பு, கடல் கடந்த பிள்ளைகளிடம் அழியாதிருக்கிறது!

இன்று நீலாய், சிரம்பான் சுற்றுவட்டாரத்தில் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. இளையோர் நகரங்களுக்குப் பெயர, எஞ்சிய தோட்டமொன்றில் ஒரு பிரிவில் நான்கு குடும்பமும் மற்றொன்றில் மூன்றும் இருப்பதாகக் கொள்வோம். அவை ஒரே கூரையின்கீழ்த் தொழுவது கொள்கைக்குத் துரோகமா? இறையியலாரிடம் இதற்கு நுட்பமான விடைகள் உண்டு. திருவிருந்து பற்றிய அவர்தம் வேறுபாடு வெறும் சொற்போர் அன்று. அதனை எள்ளுதல் தகாது. ஆனால் லயத்தில் ஒருவர் இறந்துவிட்டால் பிணம் காத்திராது. தம் பிரிவுப் போதகர் வந்துசேர நேரமாகிறது. அடுத்த வீட்டுக் கத்தோலிக்கர் சிலுவையோடும் மெழுகுவத்தியோடும் வாசலில் நிற்கிறார். உள்ளே அழைக்கலாமா என்று மகன் தயங்குகிறான். மூலையில் அமர்ந்திருக்கும் கிழவி அவரிடம் கேட்பது ஒன்றே: ஊரிலே பாடுவோமே, அந்தப் பாட்டு உமக்குத் தெரியுமா?